ஹெட்ஃபோன் விற்பவர் வாடிக்கையாளருக்கு ஒலித்தரம் பற்றிப் பாடம் எடுக்க வேண்டுமா?

"சும்மா பாட்டு கேட்க ஹெட்ஃபோன் வாங்க வருபவருக்கு, நல்ல ஒலி என்றால் என்ன என்று கடைக்காரர் சொல்லிக்கொடுக்க வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஏதோ ஒன்றை வாங்கிவிட்டு, பிறகு நண்பருடையதைக் காதில் வைத்துப் பார்த்து நொந்துபோனவராக இருக்க வேண்டும். அந்தக் கோபம் இல்லாமல் யாரும் இதைக் கேட்பதில்லை.

சென்னை ரிச்சி தெருவில் 2016 முதல் 2022 வரை ஒரு கடையில் ஹெட்ஃபோன் விற்றேன். கடையின் பெயர் வேண்டாம். நான் ஒலிப் பொறியாளன் இல்லை, டிப்ளமோ படித்தவன். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். பாடம் எடுக்கக் கூடாது. எதற்கு, எங்கே, எந்த போனில் என்று கேட்க வேண்டும். பிறகு காதில் மாட்டிக் கேட்க விட வேண்டும்.

ஆரம்பத்தில் நானும் பாடம் எடுத்தவன்தான். ஒரு மாணவி, விடுதியில் தங்கிப் படிப்பவர், 800 ரூபாய்க்கு ஒன்று எடுத்துவைத்துக்கொண்டு பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். "இதுல டீட்டெய்லே வராது, காசுக்குக் கேடு" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. பத்து ரூபாய்த் தாள்கள் வரை சேர்த்து எடுத்து வந்திருந்தார். ஒன்றும் பேசாமல் அதையே வாங்கிக்கொண்டு போனார். வாங்கிய பொருளின் சந்தோஷத்தை நான் கெடுத்ததுதான் மிச்சம். அவருக்கு அதனால் என்ன அறிவு வந்திருக்கும்?

2021-இல் ஒரு மிருதங்க வாத்தியார் வந்தார். அறுபதைத் தாண்டியவர். ஊரடங்கு வந்ததிலிருந்து ஜூமில்தான் வகுப்பு, மாணவர்கள் பாதிப்பேர் வெளிநாட்டில். மகன் வாங்கிக்கொடுத்த வயர்லெஸ் இயர்பட்ஸும் லேப்டாப்பும் கையோடு இருந்தன. "தம்பி, வலந்தலை டக் டக்னு கேக்குது. தொப்பியைக் காணோம். பையன் கும்கி போடறானா இல்லையான்னே தெரியல. நல்லதா ஒண்ணு குடுங்க" என்றார். மிருதங்கத்தின் வலது முகம் வலந்தலை. இடது முகமான தொப்பியில்தான் கும்மென்ற கீழ்ச்சத்தம் வரும். அதில் உள்ளங்கையை அழுத்தி நகர்த்தி எழுப்பும் ஒலிதான் கும்கி.

முதலாளி கண்ணால் காட்டினார், வெளி இரைச்சலைக் குறைக்கும் 9,000 ரூபாய் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன். அந்த மாடலுக்கு எனக்கும் பீஸுக்கு இருநூறு ரூபாய் இன்சென்டிவ். நானும் ஆரம்பித்துவிட்டேன்: 40 மில்லிமீட்டர் டிரைவர், எல்டிஏசி என்கிற உயர்தர புளூடூத் ஒலி முறை, நொடிக்கு 990 கிலோபிட். அவர் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும், "நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் தம்பி. இதுல தொப்பி கேக்குமா?" என்றார்.

அதற்கப்புறம்தான் அவருடைய இயர்பட்ஸை வாங்கிப் பார்த்தேன். சிலிக்கான் மூடி காதுக்குச் சின்னது. காதுத் துளையைச் சரியாக அடைக்காவிட்டால் முதலில் போவது கீழ்ச்சத்தம்தான், ஐம்பதாயிரத்துக்கு வாங்கினாலும் அப்படியே. பெட்டியில் சும்மா கிடந்த பெரிய மூடியை மாட்டியதும் பாதி சரியானது. அடுத்தது புளூடூத். அழைப்புக்காக மைக் இயங்கும்போது பெரும்பாலான புளூடூத் ஹெட்செட்டுகள் போன் பேசும் தரத்துக்கு இறங்கிவிடும். அப்போது எல்டிஏசி எல்லாம் வேலைக்கு ஆகாது. மூன்றாவது, ஜூம். பேச்சைத் தவிர மற்றதை இரைச்சல் என்று வடிகட்டுவது அதன் வழக்கம். தொப்பியின் கும்காரத்தை அது மின்விசிறி இரைச்சலோடு சேர்த்துவிட்டது. இசைக்காகவே 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஓர் அமைப்பு அதில் உண்டு. வடிகட்டல் நடப்பது அனுப்புகிறவர் பக்கம் என்பதால், மாணவர்கள்தான் அதைப் போட வேண்டும். ஆக, குறை பாதிக்கு மேல் ஹெட்ஃபோனிலேயே இல்லை.

1,400 ரூபாய் வயர் ஹெட்ஃபோன் ஒன்றை லேப்டாப்பில் சொருகி, ஒரு கச்சேரிப் பதிவில் மிருதங்கம் தனியாக ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தைப் போட்டேன். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய இடது உள்ளங்கை கண்ணாடி மேசையில் மெதுவாக அழுந்தி நகர்ந்தது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே பில் போட ஆரம்பித்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துக் கடைக்குப் போன் வந்தது: "தம்பி, இப்ப கும்கி கேக்குது. பையன் தப்பாப் போடறான், அதுவும் கேக்குது."

"ஒம்பதாயிரம் போக வேண்டிய இடத்துல ஆயிரத்து நானூறா?" என்று முதலாளி அன்று மாலை வரை முணுமுணுத்தார்.

இதையும் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளரோடு அரை மணி நேரம் செலவழிக்க வேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த அரை மணி நேரத்தை ஒருவன் நின்றுகொண்டே கொடுக்கிறான். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2018-இல் கேரளாவிலும் 2021-இல் தமிழ்நாட்டிலும் சட்டத் திருத்தம் வந்தது. எங்கள் கடைக்கும் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. முதல் நாள் ஒருவர் உட்கார்ந்தார். முதலாளி பார்த்த பார்வையில் எழுந்துகொண்டார். மறுநாள் ஸ்டூல் மேல் காலி அட்டைப்பெட்டிகள் ஏறின, நான் விலகும் வரை இறங்கவில்லை. இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதுதான் அந்த ஆறு வருடத்தில் எனக்கு மிஞ்சியது. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். ஆனால் கற்றுக்கொடு என்கிறவர்கள், யார் கற்றுக்கொடுக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆடியோ ஆர்வலர்கள் கோபப்படுவார்கள். மக்களுக்கு நல்ல ஒலி தெரியாததால்தான் கம்பெனிகள் பேஸை, அதாவது கீழ்ச்சத்தத்தை, ஏற்றி ஏற்றி விற்கின்றன என்பார்கள். அதில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தாம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பையனை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் உறுமல் பாட்டின் கீழ்ச்சத்தத்தைத்தான் முதலில் விழுங்கும். அவனுக்கு பேஸ் தூக்கலாக இருப்பது அந்த இடத்துக்குப் பொருத்தமான தேர்வு. அமைதியான அறையில் உட்கார்ந்து கேட்பவர் அவனை ரசனை இல்லாதவன் என்று சொல்வது நியாயம் இல்லை.

கேட்காமலே சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று, சத்தத்தின் அளவு. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. பெரியவர்களுக்கே 90 டெசிபலுக்குப் போனால் வாரம் நாலு மணி நேரம்தான். போன செவித்திறன் திரும்பாது. பள்ளிப் பிள்ளைக்கு ஹெட்ஃபோன் வாங்க வந்த எந்த அம்மா அப்பாவையும் இதைச் சொல்லாமல் நான் அனுப்பியதில்லை. யாரும் இதைப் பாடம் என்று முகம் சுளித்ததும் இல்லை.

பெட்டியில் '20–20,000 ஹெர்ட்ஸ்' என்று, கீழ்ச்சத்தம் முதல் கீச்சுச் சத்தம் வரை எல்லாம் வரும் என்பதுபோல் அச்சிட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்தோடு என்று போடாதவரை அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அடுத்த முறை கடைக்குப் போகும்போது உங்கள் போனையே எடுத்துச் செல்லுங்கள். நூறு தடவை கேட்ட பாட்டு ஒன்றைப் போடுங்கள். இரண்டு ஹெட்ஃபோனை ஒப்பிடும்போது சத்தம் இரண்டிலும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருப்பதுதான் காதுக்கு நல்லதாகத் தோன்றும். விலை கூடியதை மாட்டும்போது ஒரு புள்ளி ஏற்றி வைக்கும்படி எங்களுக்குச் சொல்லித்தான் வைத்திருந்தார்கள்.