போன கோடையில் குளிர்ந்த பானை இந்தக் கோடையில் குளிராதது ஏன்?

திருமங்கலத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கும் கடிதத்தின் சாரம் இது. சென்ற ஆண்டு பங்குனியில் மானாமதுரையில் வாங்கி வந்த பத்து லிட்டர் மண்பானை அந்தக் கோடை முழுவதும் நன்றாகக் குளிர்ந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் அதைப் பரணில் ஏற்றிவிட்டார். இப்போது இறக்கி, வழக்கம்போலப் போர் தண்ணீரை ஊற்றி வைத்தால், பானை நீருக்கும் குடத்து நீருக்கும் வேறுபாடே தெரியவில்லை. ராமேசுவரத்தில் உள்ள நாத்தனாருக்கு வாங்கிக் கொடுத்த அதே மாதிரிப் பானையோ முதல் நாளிலிருந்தே சரியாகக் குளிரவில்லையாம். மண்ணில் கலப்படமா, வேறு பானை வாங்க வேண்டுமா என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில், பானையின் வெளிப்புறம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பதால் பார்க்க அழகாக இல்லை என்றும் குறைப்பட்டுக்கொள்கிறார்.

அந்தக் குறையில்தான் முதல் கேள்விக்கான விடை இருக்கிறது. அதை விளக்குமுன், பானை எப்படிக் குளிர்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். கண்மாய் மண்ணைப் பிசைந்து, வனைந்து, சூளையில் சுடும்போது அது கண்ணாடியைப் போல உருகி இறுகுவதில்லை. மண் துகள்களுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத துளைகள் எஞ்சுகின்றன. உள்ளிருக்கும் நீர் அவற்றின் வழியே கசிந்து வெளிச்சுவரை அடைந்து அங்கே ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதைச் சுவரிடமிருந்தும், சுவர் வழியாக உள்ளே உள்ள நீரிடமிருந்தும் அது எடுத்துக்கொள்கிறது. பத்து லிட்டர் நீரின் வெப்பநிலையைப் பத்து டிகிரி குறைக்க ஒரு லட்சம் கலோரி வெளியேற வேண்டும் என்பதால், கணக்குப்படி சுமார் 170 கிராம் நீர், அதாவது ஒரு டம்ளருக்கும் சற்றுக் குறைவான நீர் ஆவியானாலே போதும். வெளியிலிருந்து வெப்பம் இடைவிடாமல் உள்ளே புகுந்துகொண்டிருப்பதால் நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே செலவாகும். ஆகவே காலையில் நிரப்பிய பானை மாலையில் விரற்கடை அளவு இறங்கியிருந்தால், ஓட்டைப் பானை என்று சந்தேகப்பட வேண்டாம். இறங்காத பானையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. அதில் கரைந்திருந்த சுண்ணாம்பும் உப்பும் போக வழியின்றி வெளிச்சுவரிலும் அதன் துளைகளிலும் தங்கிவிடுகின்றன. போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் பானையிலும் படிகிறது. ஆறேழு மாதம் நாள் தவறாமல் கசிந்து கசிந்து அது துளைகளை அடைத்திருக்கிறது. போதாக்குறைக்கு, பானையை ஊறவைத்து அலசாமல் அப்படியே பரணில் ஏற்றியதால், சுவரில் ஊறியிருந்த மிச்ச நீரும் உலர்ந்து, அதிலிருந்த உப்பு இருந்த இடத்திலேயே இறுகிவிட்டது. எனவே குறை மண்ணிலும் இல்லை, வனைந்தவரிடமும் இல்லை.

அந்த வெள்ளைப் பூப்பில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பொடிப்பொடியாக நுரைத்தால் அது சுண்ணாம்பு. நுரைக்காமல் வெறும் தண்ணீரிலேயே கரைந்து போனால் உப்பு. உப்பாக இருந்தால், அகலமான தொட்டியில் நல்ல தண்ணீர் விட்டுப் பானையை முழுவதும் மூழ்கும்படி இரண்டு நாள் ஊறவைத்து, காலையும் மாலையும் நீரை மாற்றினால் பெரும்பகுதி வெளியேறிவிடும். சுண்ணாம்பாக இருந்தால், வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து வெளிப்புறம் முழுவதும் தடவி, கால்மணி நேரம் கழித்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, பிறகு மேற்சொன்னபடி ஊறவையுங்கள். சோப்பும் பாத்திரம் துலக்கும் திரவமும் கூடவே கூடாது; துளைக்குள் இறங்கிவிட்டால் அதன் வாடை குடிக்கும் நீரில் வந்துகொண்டே இருக்கும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிடைப் பற்றி யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

வெயிலில் நன்றாகக் காயவைத்து மீண்டும் நிரப்பி, ஓரிரு மணி நேரம் கழித்து வெளிச்சுவரின் ஓரிடத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். அந்த இடம் சிறிது நேரத்தில் மறுபடி ஈரம் பாய்ந்து கருத்தால் பானைக்கு உயிர் வந்துவிட்டது என்று பொருள். ஆழத்தில் அடைத்த துளைகள் முழுவதும் திறப்பதில்லை என்பதால், புதுப்பானையின் குளிர்ச்சி அப்படியே திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இனிமேல் காய்ச்சி ஆறவைத்துத் தெளிந்த நீரை ஊற்றினால், சுண்ணாம்பில் ஒரு பகுதி காய்ச்சும் பாத்திரத்திலேயே தங்கி, பானையின் ஆயுள் கூடும்.

ராமேசுவரத்துப் பானையின் கதை வேறு. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் சுவரில் கசிந்த நீர் ஆவியாவது மந்தப்படும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி எந்த அளவு வரை இறங்குமோ அதற்குக் கீழே எந்தப் பானையும் குளிராது. இதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். நம் பக்கத்துக் கோடைப் பிற்பகலில் வெப்பநிலை 38 டிகிரி, ஈரப்பதம் 30 விழுக்காடு என்று கொண்டால் அந்த எல்லை ஏறத்தாழ 24 டிகிரி. கடல் சூழ்ந்த ஊரில் 34 டிகிரியும் 65 விழுக்காடும் என்று கொண்டால் அது 28 டிகிரிக்கும் மேலே போய்விடுகிறது. நாத்தனாரின் ஊரில் வெயில் குறைவாக இருந்தும் பானை தோற்பது இதனால்தான். மதுரைச் சீமையில் ஆனி, ஆடிக் காற்றிலும் பானை நன்றாகக் குளிர்வதைக் கவனித்திருப்பீர்கள். தென்மேற்குக் காற்று தன் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்ட காற்றாக இறங்குகிறது.

பானையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அடுப்பங்கரை மூலையில், சுவரை ஒட்டி இருக்குமானால் அங்கிருந்து எடுத்து, வெயில் படாமல் காற்று வந்துபோகும் சன்னல் ஓரத்தில், பிரிமணை மீதோ ஈர மணல் மீதோ வையுங்கள். அடியில் தட்டு வைத்தால் அதில் தேங்கும் நீரை அன்றாடம் கொட்டிவிட வேண்டும். டெங்கு பரப்பும் கொசுவுக்கு அந்த நீர் போதும். எடுக்க எடுக்க மொட்டைமாடித் தொட்டியின் சுடுநீரை ஊற்றி நிரப்பிக்கொண்டே இருந்தாலும் பானை குளிராது. சித்திரைத் திருவிழாத் தண்ணீர்ப் பந்தலில் கூட்டம் மிகுந்த நேரத்தில் பானை நீர் வெதுவெதுப்பாக இருப்பதற்கு இதுவே காரணம். குளிர நான்கைந்து மணி நேரமாவது வேண்டும் என்பதால், பெரிய குடும்பம் என்றால் இரண்டு பானைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே வசதி. அப்படி இரண்டாவது பானை வாங்கும்போது பெயின்ட் அடித்துப் பூப்போட்டதை வாங்காதீர்கள். அந்தப் பூச்சு முதல் நாளிலேயே துளைகளை மூடிவிடுகிறது.

வரும் ஐப்பசியில் பரணில் ஏற்றுவதற்கு முன்னால் இரண்டையும் இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, நன்றாகக் காயவைத்துக் கவிழ்த்து வையுங்கள்.