வகுப்பறையில் மூன்லைட் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூஜெர்சியில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை நான். பன்னிரண்டாம் வகுப்பில் ‘மூன்லைட்’ (2016) படத்தைக் காட்டி, கறுப்பின ஆண்மை பற்றிப் பேசச் சொன்னேன். யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் வகுப்பிலிருந்த இரண்டு கறுப்பின மாணவர்களையே திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஆண்டும் காட்டவிருக்கிறேன். விவாதத்தை எப்படி நடத்துவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவர்களைத் திரும்பிப் பார்க்கவைத்தது உங்கள் கேள்விதான். அப்படிக் கேட்டதுமே ஒரு இனத்துக்காகப் பதில் சொல்லும் சுமை அந்த இரு பிள்ளைகள் தலையில் விழுந்துவிட்டது.

திரையில் தெரிவதிலிருந்து தொடங்குங்கள். படம் ஷைரோன் என்ற, தன்பால் ஈர்ப்புள்ள கறுப்பினப் பையனின் கதையைச் சிறுவன், பதின்வயதினன், இளைஞன் என்று மூன்று பகுதிகளாகச் சொல்கிறது. மூன்றாம் பகுதியில் அவன் திரண்ட தோள்களும் தங்கப் பல்லுறையுமாக வருகிறான். அவன் கார் டாஷ்போர்டில் ஒரு கிரீடம். முதல் பகுதியில் யாருடைய காரில் கிரீடம் இருந்தது? சிறுவன் ஷைரோனை அரவணைத்த ஹுவானின் காரில். கடலில் தலையைத் தாங்கிப் பிடித்து நீச்சல் கற்றுத்தந்தவன் அவன். ஷைரோனின் அம்மாவை அழிக்கும் போதைப்பொருளை விற்பவனும் அவனே. அவனிடமிருந்து ஷைரோன் எதை எடுத்துக்கொண்டான், எதை மறைத்துக்கொண்டான்? படத்தைக் கவனித்த எந்தப் பிள்ளையும் இதற்குப் பதில் சொல்லலாம்.

பேசுவதற்கு முன் ஐந்து நிமிடம், ஒரே மாதிரி அட்டைகளில், பெயர் போடாமல் எழுதட்டும். அட்டைகளைக் கலைத்து நீங்களே வாசியுங்கள். “உனக்கு இப்படி நடந்திருக்கிறதா?” என்று மட்டும் கேட்காதீர்கள். தன்பால் ஈர்ப்பை வீட்டில்கூடச் சொல்லாத பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

இனம் பற்றிப் பேச இடத்தைக் காட்டுங்கள். படம் நடக்கும் மயாமியின் லிபர்ட்டி சிட்டியில் 1930களில் கறுப்பினத்தவருக்கென்று குடியிருப்பு கட்டினார்கள். வெள்ளையர் பகுதியிலிருந்து பிரிக்கச் சுவரும் எழுப்பினார்கள். இயக்குநர் பாரி ஜென்கின்ஸ், மூல நாடகத்தை எழுதிய டாரெல் ஆல்வின் மெக்ரேனி இருவரும் அங்கே வளர்ந்தவர்கள்; இருவரின் அம்மாக்களும் போதைக்கு அடிமையானவர்கள். இதைச் சொல்லாவிட்டால், வறுமையும் போதையும் அந்த மக்களின் குணம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். படம் அதற்கு நேர் எதிரானது.

படம் 111 நிமிடம். மணி அடித்த இடத்தில் நிறுத்தாமல், பகுதி முடியும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டாம் பகுதி அடிதடியிலும் கைதிலும் முடிகிறது; அன்று கடைசிப் பத்து நிமிடம் பேசுவதற்கு மிச்சம் வையுங்கள்.

இது ‘ஆர்’ சான்றிதழ் படம்; பதினேழு வயதுக்குட்பட்டவர்கள் திரையரங்கில் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம். இரண்டு வாரம் முன்பே பெற்றோருக்கு எழுதுங்கள். இரு பையன்கள் நெருங்கும் கடற்கரைக் காட்சி, போதைப்பொருள், வசைச்சொற்கள் எல்லாவற்றையும் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். ஒப்புதல் தராத வீட்டுப் பிள்ளைக்கு அதே கேள்விகளோடு ஒரு சிறுகதை கொடுங்கள். மறுநாள் அட்டை எழுதும்போது அவனும் வகுப்பில் இருக்கட்டும்.