டெம்ப்ளர் பூங்காவுக்குப் பெயர் தந்த ஜெனரல் டெம்ப்ளர் யார்? மலாயாவைக் கம்யூனிஸ்ட்டுகளிடமிருந்து மீட்டவர் என்கிறார்களே, அது சரியா?

பாதி சரி. மீதிப் பாதி இன்னொரு ஜெனரலுக்குப் போய்ச் சேர வேண்டியது. அவர் பெயரில் இங்கே பூங்காவெல்லாம் கிடையாது.

ரவாங் போகிற வழியில் இருக்கும் அந்தப் பூங்காவை கோலாலம்பூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்துமலையில் முருகனைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே அங்கே போய் ஆற்றில் ஒரு குளியல் போட்டுவிட்டு வீடு திரும்புவது எங்கள் வீட்டு வழக்கம். பெயர்ப்பலகையை நூறு தடவை பார்த்திருப்பேன். யார் இந்த மனுஷன் என்று பள்ளியில் வரலாறு படிக்கும்வரை எனக்குத் தோன்றவே இல்லை.

ஜெரால்டு டெம்ப்ளர் 1898இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ராயல் ஐரிஷ் ஃபியூசிலியர்ஸ் படையில் சேர்ந்து, முதல் உலகப்போரிலேயே களம் பார்த்துவிட்டார். 1942இல் லெப்டினன்ட் ஜெனரல் ஆனபோது வயது 44. பிரிட்டிஷ் ராணுவத்தில் அந்தப் பதவியில் அப்போது அவர்தான் இளையவர். ஆனால் சண்டை நடக்கிற இடத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக, கேட்டு வாங்கி ஒரு படி கீழே இறங்கி, மேஜர் ஜெனரலாக இத்தாலிக்குப் போனார். பதவி உயர்வுக்காகக் காலில் விழுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம், இது வேறு ரகம். அங்கே 1944இல் அவர் அடிபட்ட விதமும் விசித்திரம்தான். அவருக்கு வழிவிட ஒதுங்கிய லாரி கண்ணிவெடியில் ஏறிவிட்டது. லாரியில் இருந்தது ஒரு பியானோ. வெடித்துச் சிதறியதில் ஏதோ ஒன்று பறந்து வந்து முதுகெலும்பை நொறுக்கிவிட்டது. பியானோவால் அடிபட்ட ஜெனரல் என்று படைக்குள் கடைசிவரை கேலி இருந்ததாம்.

போர் முடிந்ததும் ஜெர்மனியில் பிரிட்டிஷ் பகுதியின் நிர்வாகம் அவர் கையில். அந்த நிர்வாகம்தான் 1945இல் கொலோன் நகர மேயரை, வேலைக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பியது. மேயரின் பெயர் கொன்ராட் அடினாவர். நாலு வருஷத்தில் அவர் மேற்கு ஜெர்மனியின் பிரதமராகிவிட்டார்!

சரி, மலாயாவுக்கு வருவோம். இங்கே கதை அவர் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

1948இல் காட்டுக்குள்ளிருந்து போராடிய கம்யூனிஸ்ட்டுகளை ஒடுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950இல் லெப்டினன்ட் ஜெனரல் ஹரால்டு பிரிக்ஸ் என்பவரைக் கூப்பிட்டார்கள். பழைய பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்காரர், பர்மாவில் 5ஆம் இந்திய டிவிஷனை நடத்தியவர். ஓய்வு பெற்றுச் சைப்ரஸில் நிம்மதியாக இருந்த மனிதர். காட்டுக்குள் இருக்கிறவனைத் துரத்திக்கொண்டு ஓடுவது வீண், அவனுக்குப் போகும் சோற்றை நிறுத்து என்று முடிவு கட்டினார். காட்டோரமாகக் குடியிருந்த ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலி போட்ட புதுக் கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். இதைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய உண்டு. அதே சமயத்தில் ரப்பர் தோட்டத்து லயங்களும், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளும், இடம் மாற்றப்பட்டு, வேலிக்குள் அடைக்கப்பட்டதைப் பற்றி அவ்வளவாக எழுத்து இல்லை. அந்த வேலிக்குள் இருந்தவர்கள் நம் ஆட்கள்.

என் பாட்டி அப்போது தஞ்சோங் மாலிம் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்துக்கொண்டிருந்தவர். விடியற்காலையில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்ததும் கேட்டில் சோதனை. சோற்றுப் பொட்டலம் ஒன்றும் வெளியே போகக் கூடாது. வெறும் வயிற்றோடு பால்மரத்துக்குப் போய், வெயில் ஏறியபின் லயத்துக்குத் திரும்பித்தான் சாப்பாடு. கடையில் பால் டின் வாங்கினால் கடைக்காரர் கையோடு ஆணி வைத்து அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். ஓட்டை விழுந்த டின் தாங்காது, காட்டுக்கு அனுப்பி வைக்க முடியாது. அதற்காகத்தான். எறும்பு ஏறாமல் இருக்க டின்னைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி வைத்து, ரெண்டு நாளில் தீர்த்தாக வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் அதுவே பெரிய கணக்கு.

இந்த ஓட்டை பிரிக்ஸ் காலத்துத் திட்டம், டெம்ப்ளருடையது அல்ல. ஆனால் பிரிக்ஸுக்கு யோசனை இருந்ததே தவிர அதிகாரம் போதவில்லை. போலீஸ் ஒரு பக்கம், ராணுவம் ஒரு பக்கம், மாநில அரசுகள் இன்னொரு பக்கம். அவர் கேட்கத்தான் முடியும், உத்தரவு போட முடியாது. 1951 அக்டோபர் 6ஆம் தேதி ஃபிரேசர் மலைக்குப் போகும் வழியில் மலாயாவின் பிரிட்டிஷ் ஆட்சித் தலைவரான ஹை கமிஷனர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வருஷக் கடைசியில் பிரிக்ஸும் உடல்நலம் கெட்டு ஊருக்குப் போனார். 1952இல் சைப்ரஸில் இறந்துவிட்டார். தான் நட்டது காய்த்ததை அவர் பார்க்கவில்லை.

1952 பிப்ரவரியில் டெம்ப்ளர் வந்து இறங்கியபோது, சர்ச்சில் அரசு அவருக்குக் கொடுத்தது பிரிக்ஸ் கெஞ்சியும் கிடைக்காத ஒன்று. ஆட்சியும் படையும் ஒரே கையில். என் கணக்கில் அவர் வெற்றிக்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது, மனுஷன் ஒரு இடத்தில் உட்காரவில்லை. தோட்டம், கிராமம், போலீஸ் நிலையம் என்று சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பார்.

காட்டுக்குள் மேலும் மேலும் படையைக் கொட்டுவதில் பயனில்லை, விடை மக்கள் மனத்தில்தான் இருக்கிறது என்பது அவர் பேச்சு. அதே மனிதர் செய்ததையும் பாருங்கள். மார்ச் மாதம் தஞ்சோங் மாலிமில் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யப் போன குழுவில் 12 பேர் கொல்லப்பட்டார்கள். டெம்ப்ளர் நேரே வந்தார். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வைத்துத் திட்டித் தீர்த்தார். ஒரு நாளில் 22 மணி நேரம் ஊரடங்கு, அரிசிப் பங்கீட்டிலும் வெட்டு. அப்புறம் வீட்டுக்கு வீடு ஒரு தாள். தெரிந்ததை எழுதுங்கள், பெயர் வேண்டாம். எழுதிய தாள்கள் பூட்டிய பெட்டிகளில் கோலாலம்பூருக்குப் போயின. ஊர்ப் பிரதிநிதிகள் முன்னால் அவரே பெட்டியைத் திறந்தார். கிட்டத்தட்ட ரெண்டு வாரம் ஊரே மூச்சடங்கிக் கிடந்தது. குற்றம் செய்தவனோடு சேர்த்து ஊருக்கே தண்டனை என்று லண்டனிலேயே கண்டனம் எழுந்தது. எனக்கும் அதே கருத்துதான்.

அவர் திட்டுவதைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. நிஜமோ இட்டுக்கட்டியதோ, சொல்லாமல் விட மனசில்லை. ஒரு சீனக் கிராமத்தில், “அப்பன் பேர் தெரியாத பயல்களா” என்று கத்தினாராம். மொழிபெயர்ப்பாளர் பவ்யமாக, “உங்கள் பெற்றோருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று துரைக்குத் தெரியுமாம்” என்றார். “நான் உங்களைவிடப் பெரிய அப்பன் பேர் தெரியாதவன்” என்று டெம்ப்ளர் தொடர, “துரையின் பெற்றோருக்கும் கல்யாணம் ஆகவில்லையாம்” என்று முடித்துவிட்டாராம்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்றிருந்த கோலாலம்பூர் லேக் கிளப், சிலாங்கூர் சுல்தானையே விருந்தினராக உள்ளே விட மறுத்தபோது, நிர்வாகத்தைப் பிடித்து உலுக்கி விதியை மாற்ற வைத்தார். எல்லா இனத்தவரும் சேரக்கூடிய ஃபெடரேஷன் ரெஜிமெண்ட் அவர் காலத்தில் தொடங்கியது. இன்று சுங்கை பெசியில் பெயரோடு இருக்கும் ராணுவக் கல்லூரியும் 1952இல் அவர் போட்ட வித்துதான். முதலில் போர்ட்டிக்சனில் நடந்தது. பின்னாளில் நம் பிள்ளைகளும் அதில் படித்து அதிகாரிகளானார்கள்.

1954இல் கிளம்பிவிட்டார். மொத்தம் இரண்டு வருஷம் நாலு மாசம். பிறகு பிரிட்டிஷ் ராணுவத்தின் தலைமைத் தளபதி, 1956இல் ஃபீல்டு மார்ஷல், 1979இல் மறைவு. இங்கே அவசரகாலம் 1960 ஜூலைவரை ஓடியது.

பதினாறு வயதில், வரலாற்றுப் புத்தகத்தில் படித்த சூட்டோடு, பூங்காவில் பாட்டியிடம் இதையெல்லாம் அளந்தேன். பாட்டிக்கு டெம்ப்ளரும் தெரியாது, பிரிக்ஸும் தெரியாது. எல்லாம் “பெரிய துரை” தான். வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்து எனக்குப் புளிச்சோறு வைத்துக்கொண்டே கேட்டார்: “அன்னிக்கு ஒரு பிடி சோத்தக் காட்டுக்குள்ள கொண்டு போனா ஜெயிலுன்னாங்க. இது அந்தத் துரையோட காடாய்யா?” ஆமாம் என்றேன். “அப்போ இன்னும் கொஞ்சம் சாப்பிடு” என்று இன்னொரு கை அள்ளி வைத்தார்.