பயிற்றுநர்களின் பின்னணியை எப்படி அறிவது?

வணக்கம் ஐயா. மதுரைக்கு அருகிலுள்ள ஒரு கல்லூரியின் விமானப் பராமரிப்புப் படிப்பில் மகளைச் சேர்க்கவிருப்பதாகவும், ‘பயிற்றுநர் அனைவரும் அனுபவசாலிகள்’ என்று அங்கே சொன்னதை நம்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடாதீர்கள்.

இத்துறையில் கற்பிப்போர் பலர் விமானப்படையில் தொழில்நுட்பப் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள். கருவியைக் கையாளும் ஒழுங்கையும் செய்த வேலையை உடனே பதிவேட்டில் எழுதும் பழக்கத்தையும் அவர்களிடம் கற்பதுபோல் வேறெங்கும் கற்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். ஆயினும், போர் விமானத்தைப் பராமரித்தவர் பயணிகள் விமானத்துக்காக டிஜிசிஏ (நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) வழங்கும் பராமரிப்பு உரிமத்தையும் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. எனவே உரிமம் உள்ளவர் யார், அது இயந்திரப் பகுதிக்கான பி1 பிரிவா, மின்னணுப் பகுதிக்கான பி2 பிரிவா, எந்த விமானத்தில் எத்தனை ஆண்டு நேரடியாக வேலை செய்தார் என்று கேளுங்கள். பொறியியல் பட்டம் மட்டும் பெற்றவர் காற்றியக்கவியலை நன்றாகவே நடத்துவார். பணிமனைக்கு அவர் போதாது.

அதைவிட முக்கியமாக, கல்லூரிக்கு டிஜிசிஏயின் சிஏஆர்-147 ஒப்புதல், அதாவது விமானப் பராமரிப்புப் பயிற்சி நிறுவனங்களுக்கான அங்கீகாரம், உண்டா என்று பாருங்கள். பட்டம் மட்டுமே பராமரிப்புப் பொறியாளர் உரிமம் ஆகிவிடாது. ஒப்புதல் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் டிஜிசிஏ இணையதளத்திலேயே கிடைக்கும். முன்பணம் கட்டுவதற்கு முன் மகளையும் அருகில் வைத்துக்கொண்டு அதைப் பாருங்கள்.