வெறும் வாளியின் எடை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பையன். வயது இருபத்தாறு. ஈப்போவில் வெல்டராக இருக்கிறேன். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நீங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டரில் வேலை பார்த்த காலத்தைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகுதான் உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது.

பழைய லோட்டஸ் செவன் மாதிரி, கூரையில்லாத, இரண்டு சீட் லைட் வெயிட் காடி (கார்) ஒன்றை நானே கட்ட வேண்டும். செப்பாங் பந்தயத் தடத்தில், சொந்தக் காடியை ஓட்டவிடுகிற டிராக் டேயில் ஓட்ட வேண்டும். கையில் பதினைந்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. ஒரு கே.இ.70 கொரோலாவின் பின் ஆக்சில் கிடைத்துவிட்டது. லைட் வெயிட் காடிக்கு எந்த இன்ஜின் நல்லது? டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ இன்ஜினை ஹாஃப் கட்டாக, அதாவது வெட்டிய பழைய காடியின் முன்பாதியோடு, வாங்கலாமா, மோட்டார் சைக்கிள் இன்ஜின் போடலாமா? வீட்டுக்குப் பின்னால் இரண்டு அங்குலத் தண்ணீர்ப் பைப் கிடக்கிறது, அதை வளைத்து, காடி புரண்டால் தலையைக் காக்கிற ரோல் பார் செய்தால் போதுமா? பிறகு ஜே.பி.ஜே.யில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிந்து சாலையில் ஓட்ட முடியுமா? கூட்டாளி ஒருவன், ஒரு பழைய கஞ்சில் சின்னக் காடியை வாங்கி உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிப் போட்டாலே லைட் வெயிட்தான் என்கிறான். அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த ஆசை அதிகப்படியா அக்கா?

அன்புடன்,
சு.

—

அன்புள்ள சு.,

தம்பி, கடைசியாகக் கேட்டாயே ஒரு கேள்வி, அதை இனி யாரிடமும் கேட்காதே. உன் காசு, உன் வேர்வை. ஒரே ராத்திரி மண்டப விருந்தில் ஒரு வருஷச் சம்பளத்தைக் கரைக்கிறவனிடம் போய் "தோட்டத்துப் பிள்ளைக்கு இது தேவையா" என்று யாரும் கேட்பதில்லை. உன் அப்பாவிடம் நான் பேசப் போவதுமில்லை. காலமெல்லாம் லோரி ஓட்டிய மனிதர், சாலையில் எதையெதையோ பார்த்திருப்பார். தண்ணீர்ப் பைப் சமாச்சாரம் அவர் காதில் விழுந்திருந்தால், அவர் வாயை மூடிக்கொண்டதற்காக அவருக்கு நன்றி சொல். நானாக இருந்தால் பைப்பை எடுத்து உன் முதுகில் இரண்டு வைத்திருப்பேன்.

வெல்டர் என்று எழுதியிருக்கிறாய். துத்தநாகம் பூசிய அந்தக் கல்வனைஸ் தண்ணீர்ப் பைப்பில் வெல்டிங் வைத்தால் கிளம்பும் வெள்ளைப் புகை என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? துத்தநாகப் புகை. ராத்திரி உடம்பு நடுங்கக் காய்ச்சல் வரும், மறுநாள் இறங்கிவிடும். காடி புரண்டு, அந்தப் பைப் உன் தலைமேல் மடங்கினால் மறுநாள் என்று ஒன்று கிடையாது. உலக மோட்டார் பந்தயங்களுக்கு விதி வகுக்கிற எஃப்.ஐ.ஏ. விதியில் ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளையத்துக்கு அளவே எழுதி வைத்திருக்கிறார்கள்: தையலில்லாத, குளிர்நிலையில் இழுத்த எஃகுக் குழாய். 45 மி.மீ. விட்டமென்றால் 2.5 மி.மீ. தடிப்பு, 50 மி.மீ. என்றால் 2 மி.மீ. நீ ஹெல்மெட் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாலும் வளையம் அதற்கு மேலே நிற்க வேண்டும். பதினைந்தாயிரத்தில் முதல் பங்கு இதற்கு. அடுத்தது பெல்ட். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதென்று முத்திரையில் வருஷம் தீர்ந்துபோன பெல்ட்டை வாங்கி வராதே. அப்புறம் பிரேக், டயர். மிஞ்சினால் இன்ஜின்.

எந்த இன்ஜின் என்ற கேள்விக்கு ஊரில் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் வேறு எதற்கு? வயரிங்கோடு முழுசாக எது கிடைக்கிறதோ அதை வாங்கு. ஜே.பி.ஜே. ஆசையை விட்டுவிடு. வீட்டுக் கொட்டகையில் கட்டிய ஒன்றுக்கு ரோட்டு நம்பர் வாங்க அலைவதற்குள் இன்னொரு காடியே கட்டி முடித்துவிடலாம். செப்பாங்குக்கு லோரியில் ஏற்றிக்கொண்டு போ. லோரி ஓட்டத் தெரிந்தவர் உன் வீட்டிலேயே இருக்கிறார், பேச்சை மறுபடி தொடங்க அது ஒரு சாக்காகவும் இருக்கும். ஆனால் ஒரு குழாயை அறுப்பதற்கு முன்னால், டிராக் டே நடத்துகிறவர்களுக்கு எழுதிக் கேள். வீட்டில் கட்டிய, கூரையில்லாத காடியை உள்ளே விடுவார்களா, என்னென்ன பாதுகாப்பு கேட்பார்கள் என்று. பதிலை எழுத்தில் வாங்கி வை.

இதெல்லாம் யாரும் சொல்லக்கூடியதுதான். நான் பதில் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. உன் கடிதத்தில் திரும்பின பக்கமெல்லாம் லைட் வெயிட். கிலோ என்று ஓர் எண்ணைக்கூடக் காணோம்.

போன மாதம் அம்மாவின் தகரப் பெட்டியை ஒழித்தேன். அடியில் 555 நோட்டுகள் ஒரு கட்டு, ரப்பர் வளையம் போட்டு. மளிகைக் கடைக் கடன் எழுதுகிற அதே சின்ன நோட்டுதான். பால் கறை பட்டுப் பல பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்துப் பார்த்தால் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் தோட்டத்துக் கிராணி (கணக்கர்) சொன்ன எடை, வலப்பக்கம் அம்மா போட்ட கணக்கு. அன்றிலிருந்து தராசு நினைப்பாகவே இருந்தேன், உன் கடிதம் வந்து சேர்ந்தது.

அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். பால் ஸ்டோரில் கிராணி வாளியை நிறுப்பார், மெட்ரோலாக்கைப் பாலில் மிதக்கவிட்டு ரப்பர் சத்துப் பார்ப்பார். நூறு கிலோ பாலில் காய்ந்த ரப்பர் முப்பது சொச்சம் தேறும், கணக்கு அந்தக் காய்ந்த எடைக்குத்தான். அதனால் தண்ணீர் ஊற்றி யாரும் தோட்டத்தை ஏமாற்ற முடியாது. ஏமாற்று இருந்தது வேறு இடத்தில். மொத்த எடையில் வாளிக்கென்று ஒரு கழிவு. எல்லா வாளிக்கும் ஒரே கழிவு, அதை நிர்ணயித்தவர் கிராணி. ஒருநாள் அம்மா வாளியைச் சுரண்டிக் கழுவித் துடைத்து, மளிகைக் கடைத் தராசில் வெறும் வாளியை வைத்தார். கிராணி கழிப்பதைவிடக் குறைவாக நின்றது முள். மறுநாள் ஸ்டோரில் சொன்னபோது, "அடியில பால் ஒட்டியிருக்கும், அதுக்கும் சேர்த்துத்தான்" என்றார் கிராணி. அம்மா வாளியைக் கவிழ்த்து, உள்பக்கத்தைக் கையால் தடவி, உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே காட்டினார். சுத்தமான கை. அன்றிலிருந்து கழிவு திருத்தப்பட்டது, அம்மா வாளிக்கு மட்டும். மற்றப் பெண்களுக்குப் பழைய கழிவேதான் ஓடியது. பிறகு அவர்களும் ஒவ்வொருவராக வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு மளிகைக் கடைக்கு நடந்தார்கள். கடைக்காரர் அலுத்துக்கொண்டார், ஆனால் நிறுத்துக் கொடுத்தார்.

உனக்கும் அதைத்தான் சொல்கிறேன். நீயாக நிறு. நிறுத்ததை எழுது.

நீ ஆசைப்படும் செவனை லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1957-ல் கொண்டுவந்தார். முழுக்காடியாக விற்றால் இங்கிலாந்தில் கொள்முதல் வரி, பெட்டியில் உதிரியாக விற்றால் இல்லை. இல்லாதவன் தன் கொட்டகையில் கட்டிக்கொண்ட காடி அது. 1973-ல் உரிமை கேட்டர்ஹாம் என்ற இங்கிலாந்து நிறுவனத்துக்குப் போனது. 1996-ல் ரான் சாம்பியன் என்ற இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர், பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டை உரித்து 250 பவுண்டிலேயே இதைக் கட்டலாம் என்று அளவு, படத்தோடு எழுதிவிட்டார். அதே 1996-ல்தான் லோட்டஸ் நம் நாட்டுக் காடி நிறுவனமான புரோட்டோன் கைக்கு வந்து 2017 வரை இருந்தது. கேட்டர்ஹாமையும் 2011-ல் ஏர் ஆசியா டோனி ஃபெர்னாண்டஸ் வாங்கினார், பத்து வருஷம் வைத்திருந்தார். இரண்டுமே மலேசியக் கைகளில் இருந்த காலத்தில் நம் பையன்களில் எத்தனை பேர் ஒரு செவனைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்? சரி, அந்தப் பொருமல் இன்னொரு நாளைக்கு.

சாம்பியனின் அளவுகளில் காடியின் சட்டத்துக்கு (சேசிஸ்) 25 மி.மீ. சதுரக் குழாய், 1.6 மி.மீ. தடிப்பு. மீட்டருக்கு ஏறக்குறைய 1.15 கிலோ. இரும்புக் கடையில் போய்க் கேட்டால், "தம்பி, 3 மி.மீ. எடுங்க, கெட்டியா இருக்கும்" என்பார். அது மீட்டருக்கு 2 கிலோ. நாற்பது மீட்டர் குழாய் போகிறது என்று வை, அந்த ஒரு வார்த்தையில் முப்பது கிலோவுக்கு மேல் ஏறிவிட்டது. அதனால் சட்டம் கெட்டியாகுமா? பெரிதாக ஆகாது. சட்டத்தின் வலு முக்கோணங்களில் இருக்கிறது. குறுக்குக் குழாய் இல்லாத சதுரத்தை எவ்வளவு தடிப்பில் கட்டினாலும் சாயும். எல்லா மூட்டையும் முதலில் புள்ளி வெல்டிங்கில் பிடித்து, மூலைவிட்டங்களை அளந்து பார்த்து, பிறகுதான் முழு வெல்டிங் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். தண்ணீர்ப் பைப்பைப் பற்றிக் கேட்டவனாயிற்றே என்று சொல்லி வைக்கிறேன்.

மேலே போ. தளத்துக்கு 1 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ, அதே தடிப்பில் அலுமினியம் 2.7. நாற்பது லிட்டர் பெட்ரோல் முப்பது கிலோ. டிராக்கில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு உள்ளே வரப்போகிறவனுக்கு அவ்வளவு பெரிய டேங்க் எதற்கு? யாரும் ஒரே நாளில் நூறு கிலோவைக் கூட்டுவதில்லை. ஒரு பிராக்கெட், ஒரு தகடு, இருக்கட்டுமே என்று ஒரு போல்ட், கூட்டாளி சும்மா கொடுத்தான் என்று ஒரு பெரிய பேட்டரி. நம் பையன்களுக்குச் சேர்க்கத் தெரிந்த அளவுக்குக் கழற்றத் தெரியாது. டிக்கி நிறைய ஸ்பீக்கர், அலமாரி மாதிரி ஸ்பாய்லர், அதற்கு மேலே ஸ்டிக்கர், அப்புறம் "ஏன்க்கா பவர் பத்தல" என்று என் கவுண்டரில் வந்து நிற்பார்கள்.

எடை இறங்கினால் காசும் இறங்கும், உன் மாதிரி பட்ஜெட்காரன் கவனிக்க வேண்டியது இதைத்தான். செப்பாங் ஒரு சுற்று 5.543 கி.மீ. பின் நேர்பாதையில் முழு வேகத்தில் வந்து கடைசி 15-ஆம் திருப்பத்துக்குள் நுழைய வேண்டும். அங்கே பிரேக் விழுங்குகிற சூடு எடைக்கு நேர் விகிதம். 1000 கிலோ காடியில் பத்துப் பங்கு என்றால் 600 கிலோவில் ஆறு பங்கு. பிரேக் கட்டை நிற்கும், எண்ணெய் கொதிக்காது, டயர் இன்னொரு நாளைக்கும் வரும். குதிரைச் சக்தியைக் கூட்டினால் இவை எல்லாவற்றுக்கும் கூடுதல் செலவு.

நிறுப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். வீட்டுத் தராசில் சாமானைத் தூக்கிக்கொண்டு ஏறு, பிறகு வெறும் ஆளாக ஏறு, கழி. தூக்க முடியாததைப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டு போ. அப்பா போகிற குலை நிலையத்து லோரித் தராசில் ஏற்றலாம் என்று நினைக்காதே, பத்து இருபது கிலோ படிகளில் காட்டுகிற தராசுக்கு உன் பிராக்கெட் தெரியாது. யாரோ எங்கோ எழுதின எடையையும் நம்பாதே. பெட்ரோல், எண்ணெய், ஓட்டுநர் எதுவும் இல்லாத எடையைச் சொல்லி மயக்குவார்கள். ஆமாம், உன் எடையையும் எழுது. நாசி லெமாக் கணக்கு எனக்கு வேண்டாம், எண் மட்டும் போதும்.

உன் கூட்டாளி ஒன்றும் முட்டாள் இல்லை. கஞ்சில் கூரை, கதவோடு சேர்த்தே எழுநூறு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அவனிடமோ வேறு யாரிடமோ ஒன்று இருந்தால், உன் காடி முடிவதற்குள் அதில் ஒருமுறை செப்பாங் போய் வா. பிரேக் மிதிக்க அங்கே கற்றுக்கொள், புதுக் காடியில் கற்காதே.

இப்போதைக்கு இரண்டு சாமான் அனுப்பு. ரோல் பார் குழாய் வாங்கின பில்லின் படம், அதில் தடிப்பு தெரிய வேண்டும். இதுவரை சேர்த்த உறுப்புகளின் எடைப் பட்டியல், அந்த ஆக்சிலில் தொடங்கி. அவை வந்து சேரும்வரை இன்ஜினைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டேன்.

அன்புடன்,
அக்கா