தலையணை உறைக்குள் துணி அடைக்கும் தாத்தா

கேள்வி: அம்மா, எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமம். இரண்டு வருஷமாக இங்கிலாந்தில், நார்ஃபோக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் கேரராக இருக்கிறேன். நான் பார்த்துக்கொள்ளும் தாத்தாவுக்கு 88 வயது. மறதி நோய். இங்கேயே நார்ஃபோக் கிராமம் ஒன்றில், பண்ணைக் கூலி வீட்டில் பிறந்து வளர்ந்தவர். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் முழிப்பார். சின்ன வயசுக் கதை மட்டும் தினமும் உண்டு. யாருக்கோ அரை க்ரவுன் பாக்கி என்பார். கான்கர் எங்கே என்பார். 'பிஷி பார்னபி' என்று யாரையோ தேடுவார். எனக்குப் பாதி புரியாது, தலையாட்டிவிடுவேன். போன அக்டோபரில் துணியை எல்லாம் தலையணை உறைக்குள் திணித்துக்கொண்டு, "வண்டி வந்துடும், கிளம்பணும்" என்று கதவோரம் நின்றார். இந்த வருஷமும் ஆரம்பித்துவிட்டார். "பழசைக் கிளறாதே, டீவியைப் போட்டு உட்கார வை" என்கிறார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், நார்ஃபோக்.

பதில்: மகளே, முதலில் பார்னபியைக் கண்டுபிடித்துத் தருகிறேன். அது ஆள் இல்லை, பொறிவண்டு! சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த அதே பூச்சிக்கு நார்ஃபோக்கில் அப்படி ஒரு செல்லப் பேர். தாத்தா தேடுவது சிநேகிதனை என்று நினைத்து, அவன் செத்துப்போய்விட்டான் என்று யாரும் அவரிடம் சொல்லிவைக்காமல் இருக்கவேண்டுமே என்று உன் கடிதத்தைப் படித்ததும் பதறினேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? எழுபதுகளில் நானும் உங்கள் நார்ஃபோக்கில், நாரிச் நகரத்துப் பக்கத்தில் நர்ஸாக இருந்தவள்தான். சுவரில் மாட்டிய படத்தைக் காட்டி ஒரு பாட்டி "ஆன் தி ஹூ" என்றாள். 'ஹூ' என்றால் 'யார்' என்றுதானே நாம் படித்தது? "யார் மேல பாட்டி?" என்று கேட்டேன். வார்டே சிரித்தது. படம் கோணலாகத் தொங்குகிறது என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு முன் ஆறு மாசம் நானும் உன்னைப்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தவள்தான். அசட்டுக் கேள்வி ஒன்று கேட்டபிறகுதான் அந்தப் பாட்டி என்னிடம் ஒழுங்காகப் பேச ஆரம்பித்தாள்.

அரை க்ரவுன் என்பது காசு. இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்று ஓடிய கணக்கை 1971 பிப்ரவரி 15-ஆம் தேதிதான் மாற்றினார்கள். உங்கள் வீட்டுக் கிழவிகள் ஓரணா, அரையணா என்று பேசியதைக் கேட்டிருப்பாயே, அதே சங்கதிதான். "யாருக்குத் தாத்தா பாக்கி?" என்று கேட்டுப் பார். மிட்டாய்க் கடைக்காரியாகக்கூட இருக்கலாம். ஏன் சொல்கிறேன் என்றால், இவருக்கு ஐந்து வயசு இருக்கும்போது, 1942-ல், மிட்டாய்க்கும் ரேஷன் வந்துவிட்டது. பெரும்பாலும் நாலு வாரத்துக்கு 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம். 1949 ஏப்ரலில் ரேஷனை எடுத்தார்கள். ஜனம் மொய்த்துக் கடையைக் காலி செய்துவிட, ஆகஸ்டிலேயே திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரேயடியாக ஒழிந்தது 1953 பிப்ரவரியில். அதற்குள் இவர் வேலைக்குப் போகும் பையன். மிட்டாய் தின்கிற வயசு முழுக்க ரேஷனிலேயே போயிருக்கிறது, பாவம்.

கான்கர் என்பது குதிரைச் செஸ்நட் மரத்தின் விதை. இப்போது அங்கே விழுகிற சமயம்தான். பார்க் பக்கம் போனால் முள் ஓட்டோடு கிடக்கும். ஓட்டைப் பிளந்தால் உள்ளே விதை, எண்ணெய் தேய்த்த தேக்கு மாதிரி மினுமினுக்கும். விதையில் துளை போட்டு ஷூ கயிற்றில் கோத்து, ஒருவன் தொங்கவிட மற்றவன் தன்னுடையதால் அடிக்க வேண்டும். உடையாதது ஜெயித்தது. வினிகரில் ஊறவைத்தும் ஓவன் அடுப்பில் சுட்டும் கெட்டியாக்குகிற போக்கிரித்தனமெல்லாம் உண்டு. ஒன்றைக் கொண்டுபோய் அவர் உள்ளங்கையில் வை. நீ பேசாதே, அவர் விரல் பேசட்டும். அது தின்னக்கூடாத விதை. வாயில் போட்டுக்கொள்ளாமல் பக்கத்திலேயே இரு, கிளம்பும்போது வாங்கி வைத்துவிடு.

"உங்க ஸ்கூல் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்பார், அதோடு சரி. பொருளைப் பிடித்துக் கேள். 1946-லிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்றில் ஒரு பைன்ட், அதாவது ஒரு டம்ளர் பால் இலவசமாகக் கொடுத்தார்கள். 1947 ஜனவரி கடைசியில் பிடித்த பனி மார்ச் பாதிவரை விடவில்லை, அப்போது இவருக்கு ஒன்பது, பத்து வயசு. "பால் பாட்டில் உறைஞ்சு போச்சா? அடுப்புப் பக்கம் வெச்சாங்களா?" என்று கேட்டுப் பார். கழிப்பறை தோட்டத்துக் கோடியில் இருந்ததா, ராத்திரி யார் துணைக்கு வந்தார்கள், தகரத் தொட்டியில் முதலில் குளித்தது யார் என்றெல்லாம் கேள். அந்த வானத்தில் போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்கள் பறந்தன; நாரிச்சைச் சுற்றித் தளங்கள். சிப்பாய்களிடம் சூயிங் கம் கேட்டாரா என்று கேள், முகம் மாறும்.

இனி அந்தத் தலையணை உறை. இங்கிலீஷ் கிராமம் என்றதும் ரோஜாக் கொடி படர்ந்த வீடும் சர்ச் மணியும்தான் நமக்குத் தோன்றும். காலண்டர்காரர்கள் செய்த வேலை அது. பண்ணைக் கூலிகளில் பலருக்கு அந்த வீடு சொந்தமில்லை, பண்ணைக்காரருடையது. வேலை போனால் வீடும் போகும். இதற்குச் சட்டப் பாதுகாப்பு வந்ததே 1976-ல்தான். வேலை மாறுவதும் வீடு காலி செய்வதும் அறுப்பு முடிந்து மைக்கேல்மஸ் என்ற கிறிஸ்தவத் திருநாள் சமயத்தில்: செப்டம்பர் 29, பழைய காலண்டர் கணக்கு பார்த்த ஊர்களில் அக்டோபர் இரண்டாம் வாரம். தட்டுமுட்டுச் சாமானை வண்டியில் ஏற்றி, பிள்ளைகளை மேலே உட்காரவைத்துக் கிளம்புவார்கள்.

உன் தாத்தா வருஷா வருஷம் அக்டோபரில் மூட்டை கட்டுகிறார். அதனால்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் இல்லத்தைவிட்டு ஓடப் பார்க்கிறார் என்று எழுதிவைப்பதற்கு முன், "எந்த வீட்டுக்குப் போறோம் தாத்தா? யாரெல்லாம் வர்றாங்க?" என்று ஒரு தடவை கேட்டுவிடு. "வண்டியும் இல்லை, ஒன்றும் இல்லை, உட்காருங்கள்" என்று அதட்டாதே. சேர்ந்து நாலு துணியை மடி. ஒரு டீ போட்டுக் கொடு. அழுதால் அழட்டும், பக்கத்தில் இரு. வயசானவர்கள் பழங்கதை பேசுவதை மூளை தளர்ந்த அடையாளம் என்று டாக்டர்களே ஒதுக்கிய காலம் உண்டு. அது வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிற இயல்பான வேலை என்று 1963-லேயே எழுதினார் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். டீவி போடச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, கை போதவில்லை அவர்களுக்கு. ஆனால் குளிப்பாட்டும்போதும் சட்டை மாட்டும்போதும் உன் வாய் சும்மாதானே இருக்கிறது?

தெரிந்துகொண்டதை எல்லாம் உன்னோடு வைத்துக்கொள்ளாதே. மறதி நோய்க்காரர்களுக்கு உதவும் ஆல்ஸைமர்ஸ் சொசைட்டி என்ற அமைப்பின் 'திஸ் ஈஸ் மீ' என்ற படிவம் இருக்கிறது, இலவசம். குடும்பத்தாரையும் மேனேஜரையும் கேட்டுக்கொண்டு, பார்னபி யார், அரை க்ரவுன் என்ன, அக்டோபரில் என்ன நடக்கும் என்று அதில் எழுதி ஃபைலில் வை. இரவு ஷிஃப்டுக்கு வரும் பெண்ணும் படிக்கட்டும். இன்னொன்று: அவர் கிராமத்தின் பழைய சர்வே வரைபடம் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பார்க்கக் கிடைக்கும். பெரிதாக அச்செடுத்து அவர் மடியில் விரித்து வை. பள்ளிக்கூடம் எங்கே என்று நீ தேடுகிற மாதிரி நடி, வழி அவர் காட்டுவார்.

உங்கள் ஊரில் பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் போட்டுக் கருவேல இலை கொடுத்து வளர்த்திருப்பாயே? அதையும் அவரிடம் சொல்லு. கான்கர் ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று எனக்கு ஒரு வரி எழுது.