ஜெர்மனியில் மகளுக்கு ஒரு வாடகை அறை

பெரம்பூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

வணக்கம். உளவியல் பட்டம் முடித்த மகள் ஜெர்மனியில் ஓராண்டு தன்னார்வப் பணிக்குப் போனால் மேற்படிப்பு பாழாகுமா என்று அரைப் பக்கம் கேட்டிருக்கிறீர்கள். அங்கே தனியாக அறை எடுக்கிறேன் என்கிறாளே, விடலாமா என்று மூன்று பக்கம் கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே அளவில் பதில் சொல்கிறேன்.

படிப்பு பாழாகாது. எஃப்.எஸ்.ஜே. எனப்படும் இந்தச் சமூகப் பணி 27 வயது நிரம்பாதவர்களுக்கானது. வழக்கமாக 12 மாதம், அதற்குள் 25 நாள் பயிற்சி வகுப்பு. மருத்துவக் காப்பீட்டுத் தொகையைச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனமே கட்டுகிறது. முடிவில் பணிச் சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முதியோர் இல்லத்தில் ஓராண்டு இருந்துவிட்டு வரும் பெண் எம்.எஸ்ஸி. நேர்முகத்தில் பேசுகிற பேச்சே வேறாக இருக்கும். ஆனால் கையில் கிடைப்பது கைச்செலவுப் பணம், சம்பளம் அல்ல. கல்விக் கடன் தவணையை அதிலிருந்து கட்டிவிடலாம் என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்டியிருந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள்.

இனி வீடு. உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்: அவள் வேலை செய்யப்போகும் முதியோர் இல்லத்தார் தரும் விடுதி அறை, பக்கத்து ஊரில் இருக்கும் நாத்தனார் வீடு, மகள் கேட்கும் சொந்த வாடகை அறை. நாத்தனார் வீடு வேண்டாம். அவர்மேல் குறை சொல்லவில்லை. அங்கே மாலையானால் தமிழ்தான் பேசுவார்கள். ஆறு மாதம் கழித்தும் உங்கள் மகளின் ஜெர்மன் நுங்கம்பாக்கத்து வகுப்பில் விட்ட இடத்திலேயே நிற்கும். முதல் மூன்று மாதம் விடுதி அறையில் இருக்கட்டும். ஊர் பிடிபட்ட பிறகு அவளே நேரில் பார்த்து அறை தேடட்டும், ஒப்பந்தத்தில் அவளே கையெழுத்துப் போடட்டும். இங்கிருந்தபடியே படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பவே கூடாது. “வெளியூரில் இருக்கிறேன், அட்வான்ஸ் வந்ததும் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்” என்று உருக்கமாக எழுதும் வீட்டுக்காரருக்கு அங்கே வீடே இருக்காது.

அட்வான்ஸ் என்றதும் நமக்குப் பத்து மாத வாடகை நினைவுக்கு வருகிறது. நம் மாநிலத்தின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாதத்தைத்தான் அளவாகச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது, மாம்பலத்து வீட்டுக்காரர்கள் அந்த வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். ஜெர்மனியில் உச்சவரம்பே மூன்று மாத வாடகைதான். அதையும் மூன்று தவணையாகக் கட்டும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. விளம்பரத்தில் ‘கால்ட்’ என்றிருந்தால் வெறும் வாடகை, ‘வார்ம்’ என்றால் தண்ணீர், அறை சூடேற்றும் செலவு போன்றவை சேர்ந்தது. மின்கட்டணத்தைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். காலி வீடு மலிவாகக் கிடைக்கிறதே என்று போய்விடவும் கூடாது. பல இடங்களில் சமையலறையில் அடுப்போ சிங்க்கோ இருக்காது. சுவரில் குழாய் முனை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரே ஆண்டு இருப்பவளுக்கு, இரண்டு மூன்று பேர் பகிர்ந்து தங்கும் வீட்டில் சாமான்களோடு ஓர் அறை போதும். ‘வே-கே’ என்று கேட்டால் காட்டுவார்கள்.

எல்லாவற்றையும்விட ஒரு தாள் முக்கியம். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இவர் என் வீட்டில் குடியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால்தான் பதிவார்கள். பதிந்த பிறகுதான் வரி எண் தபாலில் வரும்; வங்கிக் கணக்கு, தங்கும் அனுமதி என்று எங்கே போனாலும் அந்தப் பதிவைக் கேட்பார்கள். “வாடகை குறைவு, பதிவு மட்டும் முடியாது” என்று சொல்லும் அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

என்னிடம் ஆலோசனை கேட்டுப் போன மாணவி ஒருத்தி இத்தனையையும் சரியாகச் செய்தாள். அவளை மாட்டிவிட்டது ஜன்னல். குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுக மூடிவிட்டு, துவைத்த துணியை அறைக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்தியிருக்கிறாள். ஜனவரியில் கம்மல் விழுந்ததென்று அலமாரியை நகர்த்தினால், பின்சுவர் முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. பொங்கலுக்கென்று எடுத்துப் போயிருந்த பட்டுப்புடவையின் மடிப்பிலும் அதே வாடை. அட்வான்ஸில் பாதி சுவரைச் சுரண்டிப் பூசவே போயிற்று. தினமும் இரண்டு மூன்று முறை, ஐந்து பத்து நிமிடம், ஜன்னல்களை அகலத் திறந்து காற்றை மாற்ற வேண்டும் என்று நானும் அவளுக்குச் சொல்லவில்லை. சென்னைக்காரனுக்கு அது தோன்றவில்லை. அதன் பிறகு யார் வந்தாலும் விசாவுக்கு முன் ஜன்னலைப் பற்றித்தான் பேசுகிறேன்.

விசா கைக்கு வருவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டின் ஒரு மாதச் செலவுப் பணத்தை மகளிடம் கொடுத்துவிடுங்கள். மின்கட்டணம், பால், மளிகை, தண்ணீர் கேன் எல்லாம் அவள் பொறுப்பு. சமையல் மின்சார அடுப்பில். இருபதாம் தேதியே பணம் தீர்ந்துவிட்டால் மீதிப் பத்து நாளை அவள் எப்படி ஓட்டுகிறாள் என்று பாருங்கள். நடுவில் புகுந்து ஐநூறு ரூபாய் நீட்டாதீர்கள். இது உங்களுக்குத்தான் சிரமம் என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக மிக்ஸி பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொண்டுபோகலாம், அங்கேயும் 230 வோல்ட்தான். நம் மூன்று முள் பிளக் அந்தச் சுவரில் நுழையாது என்பதால் ஓர் அடாப்டர் வேண்டும். இரவு பத்து மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் அரைக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், அவை அமைதி காக்கும் நேரங்கள். கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்துவிடுவார். பருப்புப் பொடி தாராளமாகக் கட்டுங்கள். நெய் டப்பாவை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் பால் பொருள் எதையும் உள்ளே கொண்டுபோக ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை.